டக் என்ற சத்தம்

ட்ரெய்லர் கொழுவிய பார லொறி ஓட்டுவதற்கான சீ.ஈ. வகுப்பு சாரதி அனுமதிப்பத்திரம் கையில் கிடைத்து மூன்றாவது கிழமை. பெரும்போக அறுவடை நேரம். சம்மாந்துறைப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் பாரம் ஏற்றி விட்டிருந்த 40 அடி ட்ரெய்லரைக் கொழுவிக்கொண்டு கொழும்புக்குப் போக வேண்டும். விடிய 4 மணி, நல்ல இருட்டு. என்னோடு வந்தவர் ஏறாவூர்க் காக்கா ஒருவர், இந்தத் தொழிலில் பழுத்தவர்.

எங்கள் பகுதியில் கொழுவுவதற்கு முதல் தரையைத்தான் பார்ப்போம். கரையோரம் முழுக்க மணல். பாரத்தோடு விட்டுப்போன ட்ரெய்லரின் முன்கால்கள் ஒரே இரவில் புதைந்துவிடும், மாரியில் சொல்லவே வேண்டாம். மூக்குத் தாழ்ந்து கிடப்பது தெரியாமல் பின்னுக்கு எடுத்தால், ட்ரெய்லரை இழுக்கும் வண்டியான பிரைம் மூவரின் சேசியில்தான் இடிக்கும். அதனால் கழற்றும்போதே கால்களுக்கு அடியில் தடித்த பலகை வைப்போம். ஆலை முற்றமோ கொங்கிறீட். அந்தக் கவலை இல்லை என்றுதான் நினைத்தேன். ட்ரெய்லரை விட்டுப்போன பிரைம் மூவர் எங்களுடையதைவிட உயரம் என்பதை யோசிக்கவில்லை.

சில்லுகளுக்குக் கட்டை வைத்தேன். பிரைம் மூவரின் முதுகில் ட்ரெய்லரைத் தாங்கிப் பிடிக்கும் தட்டான பிப்த் வீலின் வாய் திறந்திருந்தது, கிறீசும் இருந்தது. இரண்டு கண்ணாடியிலும் ட்ரெய்லரின் ஓரம் ஒரே அளவாகத் தெரியும்படி நேராக்கி, மெல்லப் பின்னுக்கு எடுத்தேன். டக் என்றது. முதலாம் கியரில் லேசாக முன்னுக்கு இழுத்துப் பார்த்தேன், பிடித்துக்கொண்டது. இறங்கிக் கால்களைத் தூக்கப் போனேன்.

“நில்லு தம்பி. உள்ளுக்க பாத்தியா?”

காக்கா டோர்ச்சை நீட்டினார். குனிந்து அடித்துப் பார்த்தால், பிப்த் வீலுக்கும் ட்ரெய்லரின் அடித்தகட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி! தகடு தகட்டோடு ஒட்டி இருக்க வேண்டிய இடம் அது. ட்ரெய்லரின் அடியில் நீட்டி நிற்கும் இரும்பு முளையான கிங் பின் வாய்க்குள் இல்லை. ட்ரெய்லர் உயரமாக நின்றதால் கிங் பின் வாயைத் தாண்டி மேலால் போய் முன்விளிம்புக்கு அப்பால் விழுந்திருக்கிறது. நான் முன்னுக்கு இழுத்தபோது அந்த விளிம்புதான் கிங் பின்னில் முட்டிப் பிடித்தது. அதைத்தான் கொழுவிவிட்டது என்று நம்பினேன். கால்களைத் தூக்கிவிட்டு றோட்டில் ஏறியிருந்தால் முதல் பள்ளத்திலோ வளைவிலோ என்ன நடந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்க வயிறு கலங்குகிறது. அந்த நேரம் கல்முனை றோட்டில் மீன் ஏற்றிய மோட்டார் சைக்கிள்கள் ஓடத் தொடங்கிவிடும்.

மூக்கை இன்னும் உயர்த்தி, கிங் பின் விடுபட்டதும் பிரைம் மூவரை வெளியே எடுத்தோம். பிறகு கால்களைச் சுற்றிச் சுற்றி இறக்கினோம். ட்ரெய்லரின் தகடு பிப்த் வீலின் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வர வேண்டும். அப்போதுதான் பின்னுக்குப் போகும்போது சரிவில் ஏறி, மூக்கை லேசாகத் தூக்கிக்கொண்டு கிங் பின் வாய்க்குள் போகும். இரண்டாம் முறை அப்படித்தான் போனது. டோர்ச் அடித்துப் பார்த்தேன்: இடைவெளி இல்லை, 2 அங்குலத் தடிப்புள்ள கிங் பின்னின் கழுத்தை வாய் பின்பக்கத்தாலும் கவ்வியிருந்தது, பிப்த் வீலின் பூட்டு ஹேண்டிலும் முழுதாக உள்ளே போயிருந்தது. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் நான் அசைய மாட்டேன், முதலாளி எத்தனை தரம் கோல் எடுத்தாலும் சரி.

மிச்சம் பெரிய வேலை இல்லை. சிவப்புக் குழாய் ட்ரெய்லரின் டாங்கிக்குக் காற்றுக் கொடுப்பது, மஞ்சள் குழாய் கால் பிரேக்குக்கு. மாற்றிக் கொழுவக் கூடாது. லைட் வயர், பிறகு கால்களை முழுதாகத் தூக்கிக் கைபிடியை மடித்துப் பூட்டுவது. காற்று மானி ஏறும் வரைக்கும் காக்கா பின்னால் நின்று சிக்னல், பிரேக் லைட் பார்த்தார். கடைசியாகக் கட்டைகளை எடுத்தோம்.

மன்னம்பிட்டியில் தேத்தண்ணிக்கு நிறுத்தியபோது டோர்ச்சை எடுத்துக்கொண்டு திரும்பவும் கீழே குனிந்தேன். காக்கா கடைக்குள் போகாமல் நான் வரும் வரை நின்றார்.