வழிகாட்டி நாயோடு பாரிஸ் போகிறீர்களா?

எனக்குப் பார்வை இல்லை, லண்டனில் என் வழிகாட்டி நாயோடுதான் எங்கேயும் போய்வருகிறேன். பஸ், டாக்ஸி, சாப்பாட்டுக் கடை எதிலும் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் எங்கள் பக்கம் நிற்கிறது. அதனால் பாரிஸில் இருக்கும் அக்கா வீட்டுக்கும் ஹார்னஸை மாட்டிக்கொண்டு அப்படியே கிளம்பிவிடலாம் என்றுதான் சொந்தக்காரர்கள் நினைக்கிறார்கள். எல்லை தாண்டும்போது அது வெறும் நாய்தான். விசர்நாய் நோய்க்கு முன்னால் சலுகை கிடையாது.

முதலில் மைக்ரோசிப் (நாயின் தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு), பிறகுதான் விசர்நாய்த் தடுப்பூசி. ஊசி முந்தி சிப் பிந்தி என்றால் அந்த ஊசி கணக்கிலேயே வராது, திரும்பப் போட வேண்டும். முதல் ஊசி என்றால் 21 நாள் பொறுக்கவும் வேண்டும்.

முன்பெல்லாம் நாய்க்கென்று ஒரு பயணப் புத்தகம், அதாவது பெட் பாஸ்போர்ட் எடுத்து வருடக்கணக்கில் ஓட்டலாம். பிரெக்ஸிட் வந்து அதைக் கெடுத்தது: 2021 ஜனவரியிலிருந்து பிரிட்டனில் கொடுத்த பாஸ்போர்ட் ஐரோப்பிய ஒன்றியத்தில் செல்லாது, இங்கிருந்து போகும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு விலங்கு நலச் சான்றிதழ் வாங்க வேண்டும், அதுவும் அங்கே போய்ச் சேர்வதற்கு முந்தைய 10 நாட்களுக்குள், அதற்கென்று அனுமதி பெற்ற மிருக வைத்தியரிடம். வழக்கமாகப் பார்க்கும் வைத்தியருக்கு அந்த அனுமதி இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கட்டணத்தையும் நாலு இடத்தில் விசாரியுங்கள், ஆளுக்கொரு விலை சொல்வார்கள்.

லண்டனிலிருந்து பாரிஸ் போகும் யூரோஸ்டார் ரயிலில் வீட்டு நாய்களை ஏற்றுவதில்லை, வழிகாட்டி நாய்க்கும் உதவி நாய்க்கும் மட்டும்தான் இடம். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பயிற்சி கொடுத்த நிறுவனத்தின் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

பலரைக் கவிழ்ப்பது திரும்பி வரும் பயணம்தான். பிரிட்டனுக்குள் நுழைவதற்கு 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மேற்படாமலும் நாடாப்புழு மருந்து கொடுத்திருக்க வேண்டும், அதை மிருக வைத்தியர் பதிந்திருக்க வேண்டும். நாமே மாத்திரை கொடுத்தால் செல்லாது. சனி, ஞாயிறு மட்டும் போய்வருகிறவர்கள் லண்டனிலேயே மருந்து கொடுத்துவிட்டுப் போகலாம், இரண்டு கெடுவும் சரியாக வந்தால் போதும். பிரெஞ்சு வைத்தியரைத் தேடி அலைய வேண்டாம்.

அப்புறம், யாழ்ப்பாணத்துக்கும் கூட்டிக்கொண்டு வா என்று அம்மா கேட்கிறார். செல்லப்பிராணிகளை எளிதாகக் கொண்டுவர பிரிட்டன் வைத்திருக்கும் நாடுகளின் பட்டியலில் இலங்கை, இந்தியா இரண்டுமே இல்லை. அங்கே போய்த் திரும்ப வேண்டுமானால் ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து இரத்தம் எடுத்து, விசர்நாய் நோய்க்கான எதிர்ப்புச் சக்தி ஒரு மில்லிலீட்டருக்கு 0.5 அலகுக்குக் (IU) குறையவில்லை என்று ஆய்வுக்கூடம் சொல்ல வேண்டும், இரத்தம் எடுத்ததிலிருந்து பொதுவாக 3 மாதம் போக வேண்டும். அந்த வெயிலையும் தெருநாய்களையும் யோசித்தால் எனக்கு மனசு வரவில்லை. ஊருக்கு வெள்ளைப் பிரம்போடு நான் மட்டும் போகிறேன்.