ஜெலிட்டும் உறைமோரும்

ஆங்கிலத்தில் ஜெலிட் என்று ஒரு சொல் உண்டு. பேச்சில் யாரும் சொல்வதில்லை, கதையிலோ குறுக்கெழுத்திலோ எப்போதாவது தலைகாட்டும். வெறும் குளிர் இல்லை, உறைய வைக்கிற குளிர். மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்க யோசிக்கிற புதுச்சேரியில், அதற்கே மஃப்ளர் சுற்றிக்கொண்டு கடற்கரைச் சாலையில் நடக்கிற நமக்கு இந்தச் சொல்லால் என்ன பிரயோஜனம் என்றால், ஒன்றும் இல்லைதான். ஆனால் அதன் சொந்தக்காரர்களை நமக்கு நன்றாகவே தெரியும்.

லத்தீனில் கெலு என்றால் உறைபனி. அதிலிருந்து கெலிடுஸ், அது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்குப் போய் ஜெலிட் ஆனது. அதே வேர் பிரெஞ்சு வழியாகவும் போயிருக்கிறது. பிரெஞ்சில் ஜெலே என்றால் புல்லின்மேல் படியும் உறைபனி, கிண்ணத்தில் கட்டியாகிற ஜெல்லியும் அதேதான், ஆங்கில ஜெல்லி அங்கிருந்து வந்ததுதான். இங்கே பள்ளியில் பிரெஞ்சு எடுத்த பிள்ளைகளுக்கு இது குழப்பமாக இருக்கலாம், ஆனால் நாமும் பனி உறைகிறது என்கிறோம், தயிர் உறைகிறது என்கிறோம், யாரும் குழம்பியதில்லை.

என்ன, தயிருக்குக் குளிர் ஆகாது. மார்கழியில் உறைமோர் ஊற்றிவிட்டு, பாத்திரத்தைப் பழைய துண்டில் சுற்றி அரிசி டப்பா ஓரமாக வைத்தாலும் சில நாள் காலையில் கொழகொழவென்று பாலாகவே இருக்கும். ஜெல்லியைக் கட்டியாக்கப் போடுகிற ஜெலட்டின் நேர் எதிர், நம் ஊர் வெயிலில் ஃபிரிட்ஜுக்கு வெளியே வைத்தால் இளகிவிடும். பரங்கிப்பேட்டைப் பக்கம் நோன்புக்குச் செய்கிற கடல்பாசிக்கு அந்த வம்பே இல்லை, காய்ச்சித் தட்டில் ஊற்றினால் ஆறும்போதே இறுகிக்கொள்ளும், துண்டு போட்டு எடுக்கலாம்.

அப்புறம், 'கல்குவாரியில் ஜெலட்டின் குச்சிகள் பறிமுதல்' என்று பேப்பரில் வருமே, அந்த ஜெலட்டினும் இதே குடும்பம். ஆல்ஃபிரட் நோபல் 1875இல் நைட்ரோகிளிசரினைக் கூழ் பதத்துக்குக் கொண்டுவந்து செய்த வெடிமருந்துக்கு அந்தப் பெயரை வைத்தார். குளிரில் ஆரம்பித்த வேர் வெடியில் போய் நிற்கிறது!

எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு ஒன்று. குளிருக்கு நாம் சொல்கிற சாதாரண கோல்டும் (cold) ஜெலிட்டுக்குப் பங்காளிதான். லத்தீனில் 'கங்கை'யின் முதலெழுத்து மாதிரி (g) ஒலிக்கும் முதலெழுத்து, ஆங்கிலம் சேர்ந்த ஜெர்மானியக் கிளையில் 'கல்'லின் முதலெழுத்து மாதிரி (k) வல்லொலியாக இருக்கும். இதை 1822இல் விதியாக எழுதியவர் தேவதைக் கதைகள் தொகுத்த யாகோப் கிரிம். ஆங்கிலத்தின் கூல் (cool), சில் (chill) இரண்டும் அதே வேர். ஆக ஒரே சொல் இரண்டு வாசல் வழியாக ஆங்கிலத்துக்குள் வந்திருக்கிறது, ஒன்று வீட்டுச் சொந்தமாக, இன்னொன்று படித்தவர்கள் லத்தீனிலிருந்து கொண்டுவந்ததாக.

சரி, எங்கே எழுதலாம்? கோல்டு காபிக்கு வேண்டாம், அபத்தமாக இருக்கும். ஆற்று நீர், காற்று, முகம் கொடுத்துப் பேசாதவரின் பார்வை, இதற்கெல்லாம் பொருந்தும். சென்னையிலிருந்து கடலூர் வரும் ராத்திரி ஏசி பஸ்ஸுக்கும் தாராளமாகப் போடலாம்.