தொம் மட்டும்தான் கீழே இறங்குகிறது

அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் குடிபோகிற மிருதங்கக்காரர்கள் எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வி, எத்தனை மணி வரைக்கும் வாசிக்கலாம் என்பதுதான். சட்டப்படி அதற்குப் பதில் இருக்கிறது. மத்திய அரசின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இரவு நேரம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஒலிபெருக்கிக்கு மட்டுமல்ல, இசைக்கருவிக்கும் இரவில் கட்டுப்பாடு உண்டு.

ஆனால் எங்கள் குடியிருப்பில் என் சாதகத்தை, அதாவது தினசரிப் பயிற்சியை, முடிவுசெய்வது இந்த விதி இல்லை. கீழ் வீட்டில் இருக்கும் தங்கையின் டூட்டி சார்ட்தான். அவள் நர்ஸ். நைட் டூட்டி முடித்து காலை எட்டரைக்கு வீட்டுக்கு வந்து, குளித்து, ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் படுப்பாள். மதியம் இரண்டு மணி வரை அவளுக்கு அது நடு இரவு. சட்டப்படி எனக்கு அது பட்டப்பகல்.

நான் நங்கநல்லூரில் மூன்றாவது மாடியில் இருக்கிறேன். பள்ளியில் கணக்கு டீச்சர். மிருதங்கம் சின்ன வயதில் கும்பகோணத்தில் கற்றது. இப்போது நாட்டிய நிகழ்ச்சிகளுக்கும் கோயில் கச்சேரிகளுக்கும் வாசிக்கிறேன். கச்சேரி இருக்கிறதோ இல்லையோ, தினமும் கை ஓட வேண்டும். வாரநாளில் மாலை, சனி, ஞாயிறு என்றால் காலை. அந்தச் சனி, ஞாயிறு காலைதான் அவளுடைய தூக்கத்தோடு மோதியது.

ஒருநாள் படியில் பார்த்தபோது அவளே சொன்னாள்: "அக்கா, நீங்க வாசிக்கிறது எனக்குப் பிடிக்கும். ஆனா நைட் டூட்டி முடிச்சிட்டு வந்து படுத்தா, அந்தத் தொம் மட்டும் கட்டில்லயே வந்து இடிக்குது."

தொம் மட்டும். அது மிருதங்கத்தின் இடது பக்கத்தில் விழும் ஆழ்ந்த அடி. வலது பக்கத்தில் விழும் தியும் நம்மும் அவளுக்குக் கேட்கவே இல்லையாம். எனக்குள் இருக்கிற கணக்கு டீச்சர் உடனே விழித்துக்கொண்டாள். "நான் உன் வீட்டுக்கு வந்து கேட்டுப் பார்க்கட்டுமா?" என்றேன். அவளுக்கு லீவ் இருந்த ஒரு நாளில் என் மகனை மேலே மிருதங்கத்தோடு உட்காரவைத்துவிட்டு, நான் கீழே போய் அவளுடைய கட்டிலிலேயே படுத்துக்கொண்டேன். அவன் போனில் லைனில் இருந்தான்.

முதலில் வலந்தலையை, அதாவது வலது பக்கத்தை, மட்டும் வாசிக்கச் சொன்னேன். எங்கோ பக்கத்துத் தெருவில் யாரோ வாசிக்கிற மாதிரி, ஜன்னல் வழியாக மெலிதாக வந்தது. ஃபேன் சத்தத்திலேயே அது கரைந்துவிட்டது. அப்புறம் தொப்பி, அதாவது இடது பக்கம். ஒரு தொம் விழுந்ததும் கட்டிலின் தலைமாட்டுப் பலகையில் அதிர்வு தெரிந்தது. காதில் விழுந்தது என்று சொல்வதைவிட முதுகில் பட்டது என்று சொல்வதுதான் சரி. கும்கி கொடுத்தபோது இன்னும் மோசம். உள்ளங்கையை அழுத்தித் தேய்க்கும் அந்த நீளமான ஒலி சுவரோடு சேர்ந்து முனகியது.

தொப்பியின் அழகே அந்தக் கும்கிதான். பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இடது கைக்காரர்; அவருடைய தொப்பி நாதத்தைப் பற்றி வித்வான்கள் இன்றும் பேசுகிறார்கள். பழைய ஒலிப்பதிவில் அதைக் கேட்டு வளர்ந்த யாருக்கும் தொப்பியை அடக்கி வாசி என்று சொன்னால் மனசு ஒப்பாது. எனக்கும் ஒப்பவில்லை. ஆனால் தூங்குகிற ஒரு பெண்ணின் முதுகில் போய் இடிக்கிற நாதத்தை அழகு என்று நான் எப்படிச் சொல்வது?

அன்று மகனை இடம் மாற்றி மாற்றி உட்காரவைத்தோம். ஹாலின் மூலையில் உட்கார்ந்தால் தொம் அதிகம். நடுவே வந்தால் கொஞ்சம் குறைவு. வெறும் தரையில் ஒரு ஜமுக்காளம் போட்டால் ஒரு வித்தியாசமும் இல்லை. பழைய இலவம்பஞ்சு மெத்தையை இரண்டாக மடித்து, அதன்மேல் ஒரு பலகை, பலகைமேல் ஜமுக்காளம் போட்டு உட்கார்ந்தபோதுதான் கட்டில் அதிர்வது நின்றது. தொம் அப்போதும் கேட்டது, ஆனால் காதில் மட்டும். வாத்தியத்தின் அதிர்வு தரைக்குப் போகிற வழியைப் பஞ்சு அடைத்துவிடுகிறது. காற்று வழியாகப் போவதை அது ஒன்றும் செய்யாது. இரண்டும் வேறு வேறு வழி, இரண்டுக்கும் வேறு வேறு வைத்தியம்.

முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டலாமே என்று பலர் யோசனை சொல்வார்கள். ஒட்டாதீர்கள். முட்டை அட்டையும் மெல்லிய ஸ்பாஞ்சும் அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும். பக்கத்து வீட்டுக்குப் போகிற சத்தத்தைத் தடுக்காது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 3.4 மீட்டர், அதாவது ஒரு சின்ன அறையின் நீளம். அரை அங்குல ஸ்பாஞ்சு அதன் முன்னால் எம்மாத்திரம்? சத்தத்தைத் தடுப்பது கனம். அப்புறம் இடுக்கில்லாமல் அடைப்பது. பொதுச் சுவரை ஒட்டித் துணி நிறைந்த பீரோவை நகர்த்தி வைத்தோம். அறைக் கதவின் அடியில் பழைய வேட்டியைச் சுருட்டி வைத்தேன். எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை பாத்ரூம் வென்டிலேட்டர்தான். எங்கள் குடியிருப்பில் நான்கு மாடி பாத்ரூம்களும் ஒரே டக்டைப் பார்த்துத் திறக்கின்றன. பாத்ரூம் கதவைத் திறந்துவைத்து வாசித்தால் முதல் மாடி மாமிக்கு என் கோர்வை மனப்பாடம் ஆகிவிடும். இப்போது அந்தக் கதவைச் சாத்திவிட்டுத்தான் உட்காருகிறேன்.

ரவை விஷயத்தையும் சொல்ல வேண்டும். வாசிப்பதற்கு முன் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து தொப்பியின் நடுவில் வட்டமாக அப்புவோம். அந்தக் கனம்தான் தொப்பிக்கு இறங்கிய நாதத்தைத் தருகிறது. ரவை வைக்காமல் வாசித்தால் வறட்டுச் சத்தம்தான், ஒலி நீண்டு நிற்காது. அதனால் அது கீழ் வீட்டுக்கும் போகாது. விரல் வேகத்துக்கும், வலது கைச் சொற்களின் தெளிவுக்கும் இது தாராளமாகப் போதும். கும்கி மட்டும் இதில் பழக முடியாது. ரவை இல்லாத தொப்பி உள்ளங்கைக்குப் பதிலே சொல்லாது. அதனால் சாதகத்தை இரண்டாகப் பிரித்துவிட்டேன். பெரும்பகுதி ரவை இல்லாமல். ரவை வைத்து வாசிப்பது, அவள் டூட்டிக்குப் போயிருக்கும் நேரத்தில். மாத ஆரம்பத்தில் அவளே டூட்டி சார்ட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பிவிடுகிறாள். அது எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.

வாசிப்பைவிட எரிச்சல் தருகிற சத்தம் ஒன்று இருக்கிறது. வாசிப்பவர்களுக்கே அது உறைப்பதில்லை. சுருதி சேர்ப்பது. கல்லையும் கட்டையையும் வைத்து விளிம்பில் டக் டக் என்று தட்டுகிறோம் அல்லவா, அதில் தாளமும் இல்லை, முடிவும் இல்லை. ஒரு தட்டு, ஒரு நிசப்தம், ஒரு மீட்டு, மறுபடி இரண்டு தட்டு. கேட்கிறவருக்கு யாரோ சுவரில் ஆணி அடிக்கிற மாதிரிதான் இருக்கும். மழைக்காலத்தில் தோல் ஈரம் வாங்கிச் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும், தட்டுவதும் கூடும். வீட்டுச் சாதகத்துக்கென்று நட்டு போல்ட்டு மிருதங்கம் ஒன்று வாங்கினேன். ஸ்பேனரால் திருகினால் போதும், சத்தமே இல்லை. வார் பிடித்த மிருதங்கத்தின் நாதம் அதில் வராது என்பது என் அபிப்பிராயம். கச்சேரிக்கு நான் அதை எடுத்துப் போவதில்லை. வீட்டுக்கு அது மிக நல்ல ஏற்பாடு.

கும்பகோணத்தில் எங்கள் சார் விடியற்காலை நாலு மணிக்கு உட்காரவைப்பார். அசுர சாதகம். திண்ணை, ரேழி, முற்றம், கொல்லை என்று நீண்டு கிடக்கிற வீடு. முற்றத்தில் வாசித்தால் சத்தம் ஆகாயத்துக்குப் போய்விடும். தெருவும் அந்த நேரத்துக்கு எழுந்துவிடும். வாசல் தெளிக்கிற சத்தத்தோடு எங்கள் தகதிமியும் சேர்ந்து கேட்கும். அந்தப் பழக்கத்தை அப்படியே சென்னைக் குடியிருப்புக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது. நாலு மணிச் சாதகத்தை நான் விடவில்லை, வாத்தியத்தைத்தான் விட்டேன். அந்த நேரத்தில் வாயால் சொல், கையால் தாளம். சில நாள் தொடையில் வாசிப்பு. மெட்ரோனோம் காதில் ஹெட்போனில்.

இதைக் குறைந்த சாதகம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வாயில் சுத்தமாக வராத சொல் விரலில் வராது. கணக்கு முழுவதும் இங்கேதான் பிடிபடும். ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம்; ஒரு அட்சரத்துக்கு நாலு என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு, அதாவது ஆவர்த்தனத்துக்கு, 32 மாத்திரை. ததிங்கிணதொம் ஐந்து மாத்திரை. அதை மூன்று முறை, நடுவில் இரண்டிரண்டு மாத்திரை கார்வை, அதாவது இடைவெளி, விட்டுச் சொன்னால் மொத்தம் 19. 13 மாத்திரை தள்ளி எடுத்தால் சரியாகச் சமத்தில், அதாவது அடுத்த சுற்றின் தொடக்கத்தில், வந்து சேரும். காகிதத்தில் இது ஒரு நிமிஷக் கணக்கு. தாளம் போட்டுக்கொண்டே மூன்று காலத்திலும் இடம் தவறாமல் எடுக்க உடம்பில் அது ஊற வேண்டும். அதற்கு எந்தப் பக்கத்து வீட்டுக்காரரின் தயவும் வேண்டாம். பள்ளிக்குப் போகும் பஸ்ஸில்கூட செய்கிறேன்.

அப்புறம், அக்கம்பக்கத்துக்கென்று ஒரு காலண்டர் இருக்கிறது. மார்ச்சில் பிளஸ் டூ, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. எதிர் வீட்டுப் பையன் இந்த வருஷம் எழுதினான். தேர்வு முடியும் வரை ரவையையே தொடவில்லை. குடியிருப்பில் ஒரு துக்கம் என்றால் காரியம் முடியும் வரை வாத்தியம் உறையை விட்டு வெளியே வராது. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, சொல்லவும் தேவையில்லை. மார்கழி நேர்மாறு. சபாக்களில் சீசன், எனக்கும் வாசிப்பு அதிகம். டிசம்பர் தொடங்கும் முன்பே மேலும் கீழும் போய், இந்த மாதம் மாலையில் கொஞ்சம் கூடுதலாக வாசிப்பேன், ஏழரைக்கு நிறுத்திவிடுவேன் என்று சொல்லிவிட்டு வருகிறேன்.

அந்த ஏழரை முக்கியம். சத்தம் கேட்கிறதே என்று குறைப்பட்டவர்கள் எனக்குக் குறைவு. எப்போது முடியும் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதுதான் மனிதர்களை வாட்டுகிறது. அரைமணி நேரம் என்று தெரிந்தால் மாமி அந்த நேரத்தில் கோயிலுக்குப் போய்வருவார், அல்லது சமையலறையில் வேலை பார்ப்பார், அல்லது உட்கார்ந்து கேட்பார். ஏழரைக்கு முடியும் என்று சொன்ன வாசிப்பு ஏழரைக்கு முடிந்தே ஆக வேண்டும். முடித்துவைக்கிற மோராவின் நடுவில் இருந்தாலும் நிறுத்திவிடுகிறேன். அந்த வார்த்தையை நான் காப்பாற்றுவதால்தான் அவசரத்துக்கு ஒருநாள் எட்டு வரை வாசிக்கட்டுமா என்று கேட்டால் எல்லோரும் சரி என்கிறார்கள்.

இவ்வளவும் மிருதங்கத்துக்கு. தவிலுக்கு இதில் எதுவும் உதவாது. வலது விரல்களில் கூடு, இடது கையில் குச்சி. கோயில் வீதியில் சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற வாத்தியம் அது. எங்கள் குடியிருப்பின் பி பிளாக்கில் தவில் கற்கிற தம்பி ஒருவன் இருக்கிறான். நல்ல கை. சொந்த ஊருக்குப் போனால்தான் அவனால் வாத்தியத்தில் வாசிக்க முடிகிறது. மற்ற நாளெல்லாம் வாய்ச்சொல்தான். பதினேழு வயதில் அந்தக் கை வாத்தியமில்லாமல் இருப்பதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

புதிதாகக் கட்டுகிற குடியிருப்புகளில் ஜிம் வைக்கிறார்கள், டேபிள் டென்னிஸ் வைக்கிறார்கள். இசை பழக ஒரு அறை வைக்கிறவர்களை நான் பார்க்கவில்லை. சபா நிறைந்த ஊர் இது. வாசிக்கிறவர்கள் எங்கே பழகுவார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை. எங்கள் மொட்டைமாடியில் லிஃப்ட் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, பெயின்ட் டப்பாவும் உடைந்த நாற்காலியும் போட்டுச் சும்மா கிடக்கிறது. சுவர் ஒன்பது அங்குலச் செங்கல். அடியில் இருப்பது தண்ணீர் பம்ப் சாமான் வைக்கிற இடம், வீடு இல்லை. அதை ஒழித்து, கதவை கனமாக மாற்றி, ஜன்னல் இடுக்கில் ரப்பர் பீடிங் ஒட்டி, தரைக்குக் கயிற்றுப்பாய் போட்டால் போதும். சாவி வாட்ச்மேன் அண்ணனிடம் இருக்கட்டும். ஆளுக்கு ஒரு மணி நேரம், ஒரு நோட்டில் எழுதிவைத்து, இரவு எட்டரையோடு பூட்டிவிடலாம். செலவை வாசிக்கிறவர்களே பகிர்ந்துகொள்கிறோம் என்றும் மனுவில் எழுதியிருக்கிறேன்.

அசோசியேஷன் கூட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை. ஏ பிளாக்கில் வயலின் கற்கிற அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார். கீழ் வீட்டுத் தங்கைக்கு எந்த வாத்தியமும் தெரியாது, ஆனாலும் இரண்டாவது கையெழுத்து அவளுடையதுதான்.