என் நிழல் விழுந்த பக்கம்

இந்தோனேசியாவின் சும்பாத் தீவில் வயதான பெண்களை ‘மாமா’ என்று அழைக்க வேண்டும். மதுரைக்காரனுக்கு இது லேசில் வராது. எழுபது வயதுப் பாட்டியைப் பார்த்து “மாமா, நலமா?” என்று கேட்க முதல் வாரம் முழுவதும் நாக்கு கூசியது. அந்த மாமாக்களில் ஒருவர்தான் என் வேலையில் இருந்த பிழையைக் கண்டுபிடித்தார்.

2016 ஜூலையில் அங்கே போனேன். சூரிய மின்சாரத்தில் ஓடும் தண்ணீர்ப் பம்பு ஒன்றை ஒரு மலைக் கிராமத்தில் நிறுவிக் கொடுப்பது வேலை. பாலியிலிருந்து சிறு விமானத்தில் வைங்காபு என்ற துறைமுக ஊருக்கு வந்து, அங்கிருந்து லாரியில் மூன்றரை மணி நேரம். இந்தோனேசியா என்றதும் தென்னையும் நெல்வயலும் எரிமலையும் மனத்தில் வரும். கிழக்குச் சும்பாவில் அவை எதுவும் கண்ணில் படவில்லை. காய்ந்த புல், சுண்ணாம்புப் பாறை, தூரத்தில் மேயும் குதிரைகள். ராமநாதபுரத்தைக் கசக்கி மேடும் பள்ளமுமாக விரித்து வைத்தால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். பல வருடம் வேலை பார்த்த மாவட்டம் அது. இந்த ஒப்பீடுதான் பின்னால் என் காலை வாரியது.

பழைய காலத்துப் பகைக்குப் பயந்து குன்றின் உச்சியில் கட்டிய ஊர். வீடுகளின் கூரை நடுவில் கோபுரம் போல எழும்பி நிற்கும். அந்த உச்சி மூதாதையருக்கு உரியது, அவர்களை மராப்பு என்பார்கள். மனிதர்கள் நடுத்தளத்தில். தரைக்கு அடியில் பன்றிகளும் கோழிகளும். வாசலுக்கு நேரே பெரிய கல் கல்லறைகள். பிள்ளைகள் அவற்றின் மேல் ஏறி விளையாடுகிறார்கள், பெண்கள் சோளம் காயவைக்கிறார்கள். இறந்தவர்களை ஊருக்கு வெளியே அனுப்பாத ஊர்.

ஏறக்குறைய ஐம்பது குடும்பங்கள். தண்ணீர் மட்டும் கீழே, எழுபது மீட்டர் ஆழத்தில், பள்ளத்தாக்கில் இருந்தது. குடத்தின் இடத்தை ஜெரிக்கேன் பிடித்திருந்தது: சிறுவர்களுக்கு ஐந்து லிட்டர், பெண்களுக்கு இருபது. நிறைகேனோடு ஏறிவர அரை மணி நேரம் ஆகும். வெறுங்கையோடு ஏறவே எனக்கு மூச்சு வாங்கியது.

ஊற்றுக்கு அவர்கள் சொல்வது மாத்தா ஆயிர். மாத்தா என்றால் கண், ஆயிர் என்றால் தண்ணீர். நம் ஊற்றுக்கண்ணேதான். சூரியனுக்கு மாத்தாஹாரி, பகலின் கண். “இந்தக் கண்ணைக் கொண்டு அந்தக் கண்ணிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுவருவேன்” என்று கிராமத் தலைவரிடம் அரைகுறை மொழியில் சொன்னேன். அவர் ரசித்துச் சிரித்தார். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது உண்மை.

அதற்கு முன்பே வெற்றிலைபாக்கு நடந்து முடிந்திருந்தது. அங்கே அது நடக்காமல் பேச்சு தொடங்காது. ஓலைப்பெட்டியை நம் பக்கம் தள்ளுவார்கள். மறுப்பது மரியாதைக் குறைவு. வெற்றிலை இருக்கும் என்று நம்பிக் கைவிட்டேன். இலை இல்லை. கொடியின் காயைத்தான் மெல்லுகிறார்கள், பச்சையாக, திப்பிலியை நீட்டிவிட்டது போல. அதைச் சுண்ணாம்பில் தொட்டுப் பாக்கோடு கடிக்க வேண்டும். அன்று எனக்குத் தலை சுற்றியதையும் ஊரார் ரசித்தார்கள்.

வேலைக்கு வருகிறேன். பம்பு ஊற்றடியில், தொட்டி உச்சியில், எட்டுச் சூரியத் தகடுகள் நடுச்சரிவில் ஒரு திட்டில். மொத்தம் 2 கிலோவாட். நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 15,000 லிட்டர் ஏற வேண்டும் என்பது கணக்கு. பேட்டரி கிடையாது, பகலில் தொட்டியை நிரப்பிவிட்டால் போதும். தகடுகளைத் தாங்கக் கான்கிரீட் தூண்கள், ஒரு பக்கம் குட்டை, மறுபக்கம் நெட்டை, பத்து டிகிரி சாய்வு. வரைபடத்தை ராமநாதபுரம் கோப்பிலிருந்து நானே எடுத்துத் திருத்தியிருந்தேன். மண்ணின் தன்மை, காற்றின் வேகம், போல்ட்டின் அளவு எல்லாம் மாற்றினேன்.

கான்கிரீட்டுக்குத் தண்ணீர் வேண்டும். கலவைக்கு ஒரு பங்கு. ஊற்றிய பின் ஏழு நாள் நனைத்து வைக்க இன்னொரு பங்கு. தண்ணீர் கொண்டுவரத்தான் நான் வந்திருந்தேன், ஆனால் என் தூண்களுக்கான தண்ணீரை அந்தப் பெண்கள் சுமந்தார்கள். இருபது கேனுக்குக் குறையாது. யாரும் முணுமுணுக்கவில்லை. இனிமேல் சுமக்க வேண்டாமே என்று ஒரு பெண் சொன்னதாக உதவியாளன் மொழிபெயர்த்தான்.

தூண் ஊற்றிய ஆறாம் நாள் அந்த மாமா வந்தார். நூல் சாயமிடுபவர். சும்பாவின் துணி பேர்பெற்றது. நூலைக் கட்டிக்கட்டி, அவுரியில் நீலமும் நுணா வேரில் சிவப்பும் ஏற்றி, மாதக்கணக்கில் உழைத்து நெய்கிறார்கள். நனைந்த நூலைக் காயப்போட மூங்கிலோடு வந்தவர் என் தூண்களைச் சுற்றி வந்தார். தகடு எந்தப் பக்கம் பார்க்கும் என்று கேட்டார். காட்டினேன். அவர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையை எதிர்ப்பக்கம் நீட்டி, “மாத்தாஹாரி அங்கே அல்லவா இருக்கிறது?” என்றார்.

நண்பகல் நேரம். என் நிழல் என் காலடியிலிருந்து தெற்கே விழுந்து கிடந்தது. மூன்று வாரமாக அப்படித்தான் விழுந்துகொண்டிருந்தது.

மதுரை பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ பத்து டிகிரி. சும்பா தெற்கே ஏறத்தாழ பத்து டிகிரி. கண்ணாடியில் பார்த்தது போல எல்லாம் ஒன்று, திசை மட்டும் தலைகீழ். நம் ஊரில் தகடு தெற்கே பார்க்க வேண்டும், அங்கே வடக்கே. வருடத்தில் எட்டு மாதம் அங்கே நண்பகல் சூரியன் வடக்கில்தான். பள்ளிப் பாடம் இது. கேட்டால் தூக்கத்திலும் சொல்லியிருப்பேன், ஆனால் யாரும் கேட்கவில்லை. கை தன் பழக்கத்தில் தெற்கே குட்டைத் தூணை நட்டுவிட்டது.

அப்படியே விட்டாலும் பம்பு ஓடியிருக்கும். இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஜூன் மாத நண்பகலில் ஐந்தில் ஒரு பங்கு மின்சாரம் குறையும். மழைக்காலத்தில் கொஞ்சம் கூடுதலாகவே கிடைக்கும், தண்ணீருக்குத் தவிப்பில்லாத நாளில். வறட்சியில் குறைந்து மழையில் கூடும் பம்பு. கைபேசி சிக்னலுக்காகக் கல்லறை ஒன்றின் மேல் ஏறி நின்று மேலதிகாரியை அழைத்தேன். திசையைப் பற்றி வாயே திறக்கவில்லை. “சார், இன்னும் பத்து நாள் ஆகும்” என்றேன். “ஏன்?” என்றார். அந்த வாரம் ஊரில் ஒரு பெரியவர் இறந்திருந்தார். உறவினர்கள் எருமையும் பன்றியுமாக வந்து குவிந்துகொண்டிருந்தார்கள். “மரணச் சடங்கு சார், ஆள் கிடைக்கவில்லை” என்றேன்.

சடங்குக்காக வேலை நின்றது நான்கு நாள். மீதி என்னுடையது. பழைய தூண்களை உடைத்தால் மண் இளகிவிடும் என்பதால் பக்கத்தில் புதிதாக ஊற்றினோம். வைங்காபுவிலிருந்து சிமெண்ட் லாரியில் வந்தது. தண்ணீர் முதுகில் வந்தது, இரண்டாம் முறையாக, அதே பெண்கள், அதே இருபது கேன். ஒருநாள் நானும் ஒரு கேனைத் தூக்கிப் பார்த்தேன். பாதி வழியில் பத்து வயதுப் பையன் வந்து கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

கடைசி நாள் பணிநிறைவுத் தாளில் கிராமத் தலைவர் கையெழுத்திட வேண்டும். ‘தாமதத்துக்குக் காரணம்’ என்ற கட்டத்தில் மரணச் சடங்கு என்று தட்டச்சு செய்திருந்தேன், அவர் மொழியிலேயே. மெதுவாகப் படித்தார். சன்னல் வழியே சரிவைப் பார்த்தார். ஒன்றும் தாங்காத எட்டுத் தூண்கள் அங்கிருந்து நன்றாகத் தெரியும். பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டு, ஓலைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். அன்று இரண்டு பாக்கு மென்றேன். அந்தக் கட்டத்தை நான் திருத்தவில்லை.

மறு வருடம் உதவியாளன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். தொட்டியடியில் குழாய், வரிசையில் கேன்கள். மூலையில் என் பழைய தூண்கள். குறுக்கே மூங்கில் போட்டு மாமா சிவப்பு நூல் காயப்போட்டிருந்தார்.