பூஸ்ட் சென்சாரின் எர்த் வயர்

என்னிடம் இருப்பது அமெரிக்கச் சந்தைக்கென வந்த 2003ஆம் ஆண்டு மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் 8. அதன் 4ஜி63 டர்போ எஞ்சினுக்குள் போகும் காற்றை, ஏர் ஃபில்டரை அடுத்திருக்கும் காற்றோட்ட மீட்டரைக் கொண்டே ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) கணக்கிடுகிறது. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டில் ஓர் அழுத்த சென்சார் இருந்தாலும், அது ஈஜிஆர் வால்வின் (புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் விடும் வால்வின்) இயக்கத்தைச் சரிபார்க்க வைக்கப்பட்டதே தவிர, பூஸ்டை, அதாவது டர்போ கூடுதலாகத் தரும் காற்றழுத்தத்தை, அளப்பதற்கானதன்று. எனவே பூஸ்டை அளக்க, அதைக் கழற்றிவிட்டு ஜெனரல் மோட்டார்ஸின் 3 பார் மேப் சென்சாரை (மேனிஃபோல்டின் முழு அழுத்தத்தை 3 பார் வரை அளப்பது) பொருத்தி, ஹார்னஸில் (காரின் வயர் தொகுப்பில்) அங்கே வந்து நிற்கும் மூன்று வயர்களையே அதற்குக் கொடுக்க முடிவு செய்தேன்.

இந்த சென்சாரின் மூன்று இணைப்பு ஊசிகளில் (பின்) ஏ எர்த், பி சிக்னல், சி 5 வோல்ட். வளிமண்டல அழுத்தத்தில் சிக்னல் சுமார் 1.6 வோல்ட் இருக்கும். 19 பிஎஸ்ஐ பூஸ்டில் ஏறக்குறைய 3.7 வோல்ட்டுக்கு உயரும். வெளியிலிருந்து ஒரு 5 வோல்ட்டைக் கொடுத்துவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். சிக்னல் அந்த 5 வோல்ட்டின் விகிதமாகவே வெளிவருவதால், ஈசியூ தானே தரும் 5 வோல்ட்டைத்தான் பயன்படுத்த வேண்டும்.

நான் பிழை செய்தது எர்த்தில். பழைய கனெக்டரின் எர்த் வயர் மட்டும் வெப்பத்தில் காப்புறை வெடித்து நொறுங்கியிருந்தது. உலோகம் எங்கும் ஒன்றுதானே என்று கருதி, ஏ பின்னை மேனிஃபோல்டின் ஒரு போல்ட்டில் இணைத்தேன். எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பியபோது, அன்றைய வளிமண்டல அழுத்தத்தையே லாக் (ஈசியூவின் அளவுகளைப் பதியும் பதிவு) காட்டியது. ஆனால் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் ரேடியேட்டர் ஃபேனும் ஹெட்லைட்டும் சேர்ந்து இயங்கினால், த்ராட்டில் அசையாமலே அளவு 5, 6 கிலோபாஸ்கல் உயர்ந்தது. மல்டிமீட்டரின் ஒரு முனையை ஏ பின்னிலும், மறு முனையை ஈசியூவின் சென்சார் எர்த்திலும் வைத்துப் பார்த்தேன்: 90 மில்லிவோல்ட். இந்த சென்சாருக்கு ஒரு வோல்ட் என்பது சுமார் 63 கிலோபாஸ்கல். கணக்கு அப்படியே பொருந்தியது. எஞ்சின் பிளாக் வழியாக ஆல்டர்னேட்டரின் பெரும் மின்னோட்டம் திரும்பும்போது, அந்த உலோகத்துக்கும் ஈசியூவின் சென்சார் எர்த்துக்கும் இடையே ஒரு சிறு மின்னழுத்த வேறுபாடு உண்டாகிறது. ஈசியூ தன் எர்த்தை வைத்தே சிக்னலை அளப்பதால், அந்த வேறுபாடும் அழுத்தமாகவே கணக்கில் சேர்ந்துவிடுகிறது. எரிபொருளையும் இக்னிஷன் டைமிங்கையும் இந்த எண்ணைப் பார்த்துத் திருத்தப் போகிறவருக்கு இது சிறிய பிழையன்று.

ஹார்னஸின் டேப்பைப் பிரித்து, வயர் நல்ல நிலையில் இருந்த இடம் வரை பின்னே சென்று, அங்கே புதிய வயரை கிரிம்ப் செய்து (உலோகக் குழலில் வைத்து நசுக்கி இணைத்து), பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடினேன். சால்டரை நான் தவிர்த்தேன். அது ஊறி விறைத்த இழைகள் எஞ்சினின் அதிர்வில் முறிவதைப் பார்த்திருக்கிறேன். வேக்கம் குழாயைக் குட்டையாக வெட்டி, எண்ணெயும் ஈரமும் தேங்காதபடி சென்சாரின் வாய் கீழ்நோக்கி இருக்குமாறு பொருத்தினேன்.

மறுபடியும் ஃபேனையும் விளக்குகளையும் போட்டுப் பார்த்தேன். லாக்கில் கோடு அசையவில்லை.