நடைவழிச் சுவரில் நான்கு முகங்கள்: உலோக அச்சு செய்து பார்த்த அனுபவம்

வீட்டு நடைவழிச் சுவர் ரொம்ப நாளாக வெறுமையாகவே இருந்தது. நான்கு மீட்டர் நீளம், ஒரு முனையில் ஜன்னல். அங்கே பழைய உருவப்படங்களை அலுமினியத் தகட்டில் அச்சிட்டு மாட்டலாம் என்று இறங்கி மூன்று மாதம் ஆகிறது. இதுவரை ஐந்து தகடுகள் அச்சாகியிருக்கின்றன. நான்கு சுவரில் இருக்கின்றன, முதலாவது அலமாரிக்குள் இருக்கிறது.

முதலில் எடுத்தது ரெம்பிராண்ட். 1661-ல் தன்னையே அப்போஸ்தலர் பவுலாக வரைந்துகொண்டாரே, அந்தப் படம். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் அதை மிகப் பெரிய அளவில் இலவசமாகவே தருகிறது. 40×50 செ.மீ. அளவில், பளபளப்புப் பூச்சில் அச்சிடக் கொடுத்தேன். கைக்கு வந்தபோது பிரமாதமாக இருந்தது, கறுப்பு அவ்வளவு ஆழம். ஆனால் சுவரில் மாட்டியதும் அந்தக் கறுப்பு முழுக்கக் கண்ணாடியாகிவிட்டது. எதிரே ஜன்னல் தெரிகிறது, நான் தெரிகிறேன், ரெம்பிராண்டின் தலைப்பாகையும் நெற்றியும் மட்டும் நடுவில் மிதக்கின்றன. இருண்ட பின்னணி கொண்ட எண்ணெய் ஓவியத்தைப் பளபளப்புத் தகட்டில் போட்டு ஜன்னலுக்கு அருகே மாட்டவே கூடாது.

அப்புறம்தான் உட்கார்ந்து இந்த அச்சு எப்படி வேலை செய்கிறது என்று படித்தேன். படத்தை முதலில் ஒரு தாளில் இடவலம் மாறிய பிம்பமாக அச்சிடுகிறார்கள். அந்தத் தாளைப் பூச்சு பூசிய தகட்டின் மேல் வைத்து ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் அழுத்தும்போது, சாயம் உருகாமல் நேரே ஆவியாகிப் பூச்சுக்குள் இறங்கிவிடுகிறது. இதில் வெள்ளை மை என்று ஒன்று கிடையாது. படத்தில் வெள்ளை எங்கே இருக்கிறதோ அங்கே தகடுதான் தெரியும். வெள்ளைப் பூச்சுத் தகடானால் வெள்ளை. நிறமற்ற பூச்சானால் அலுமினியம் அப்படியே மின்னும். இரண்டில் எது என்பதை முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அந்த நிறமற்ற பூச்சு எந்த முகத்துக்குப் பொருந்தும் என்று யோசித்தபோது நினைவுக்கு வந்தவர் ராபர்ட் கொர்னீலியஸ். 1839-ல் பிலடெல்பியாவில் தன்னைத் தானே படம் எடுத்துக்கொண்டவர். கலைந்த முடி, கட்டிய கைகள், சட்டத்தின் நடுவிலிருந்து சற்று விலகி நிற்கிறார். அது டாகுரோடைப் என்ற ஆரம்பகாலப் புகைப்பட முறை. வெள்ளி பூசிய செம்புத் தகட்டிலேயே நேரடியாகப் பதிந்த படம். காகிதத்தில் நாம் பார்ப்பதெல்லாம் அதன் நகல்தான். அப்படியானால் இந்த முகத்தை மறுபடி ஒரு தகட்டுக்கே கொண்டுபோவது நியாயம் என்று பட்டது.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தரும் பெரிய கோப்பை எடுத்து, முதலில் உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்று அச்சிட்டுப் பார்த்தேன். மங்கலாக வந்தது. காகித வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் உலோகச் சாம்பல் நிற்பதால் முகமே ஒரு படி இருண்டுவிடுகிறது. நடுத்தர நிழல்களை மட்டும் தூக்கிவிட்டு, கறுப்பைத் தொடாமல் இரண்டாவது துண்டு. அது சரியாக வந்தது. படத்தின் கறைகளையும் புள்ளிகளையும் ஒன்றுகூட அழிக்கவில்லை. டாகுரோடைப்பில் இடமும் வலமும் மாறித்தான் பதியும். திருப்பிப் போடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, அப்படியே விட்டேன்.

மாட்டிய அன்று மாலை அந்தப் பக்கமாக நடந்தபோது நின்றுவிட்டேன். ஒரு அடி நகர்ந்தால் கன்னம் ஒளிர்கிறது, இன்னொரு அடியில் அடங்குகிறது. அசல் டாகுரோடைப்பைச் சாய்த்துப் பிடித்தால் நெகட்டிவ் போலவே மாறிவிடும். அலுமினியத்தில் அந்த அளவுக்கு மாறாது, ஒளி மட்டும் கூடிக் குறையும். ஆனாலும் 1839-ன் முகம் ஒன்று என் நடைக்கு ஏற்ப விழித்து உறங்குவதைப் பார்க்க மனம் நிறைந்துவிட்டது. இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்தது இந்தத் தகடுதான்.

அடுத்து ஆங்கிலேய வானியலாளர் ஜான் ஹெர்ஷல். 1867-ல் ஜூலியா மார்கரெட் கேமரன் எடுத்த படம், வெண்முடி ஒளிவட்டம் போல நிற்குமே, அது. படம் அழியாமல் நிலைக்க ஹைப்போ என்ற ரசாயனத்தைப் பயன்படுத்தச் சொன்னவரும், 'நெகட்டிவ்', 'பாசிட்டிவ்' என்ற சொற்களைப் புகைப்படத்துக்குக் கொண்டுவந்தவரும் இவரே. கொர்னீலியஸுக்குப் பக்கத்தில் வேறு யாரை வைப்பது! ஆனால் இது கண்ணாடி நெகட்டிவிலிருந்து காகிதத்துக்குப் போன படம். நிறமற்ற பூச்சில் சோதித்தபோது முடி வெள்ளியாக மின்னியது, முகம் மட்டும் குளிர்ந்து உயிரில்லாமல் போயிற்று. வெள்ளைப் பூச்சு, மேட் (பளபளப்பில்லாத பூச்சு), பழைய பழுப்பு நிறம் மாறாமல். அப்படித்தான் பொருந்தியது.

நான்காவது தகடு கணிதமேதை ராமானுஜன். 1919-ல் எடுத்த கடவுச்சீட்டுப் படம். கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் ஹார்டி கேட்டதற்காக வானியற்பியலாளர் சந்திரசேகர் தேடி, ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளிடமிருந்து பெற்றது. எனக்குக் கிடைத்த கோப்பு சிறியது. தெளிவாக்கும் மென்பொருளில் போட்டதும் அது புதிதாக இமைகளை வரைந்தது, தோலை வழவழப்பாக்கியது, பார்வையையே மாற்றிவிட்டது. அந்தக் களைத்த கண்கள் அவருடையவை, அவற்றைத் திருத்த எனக்கு உரிமையில்லை. அந்தக் கோப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, 20×25 செ.மீ. அளவில், மணல்மணலாகத் தெரியும் அசல் படத்தையே மேட்டில் அச்சிட்டேன். அங்குலத்துக்கு 150 புள்ளி என்று வைத்தால் இந்த அளவுக்கு 1200×1500 பிக்சல் போதும். நான்கில் சிறியது இதுதான், வருகிறவர்கள் முதலில் கிட்டே போவதும் இதனிடம்தான்.

ரெம்பிராண்டை மறுபடி மேட்டில் எடுத்து, ஜன்னலிலிருந்து தள்ளி மாட்டினேன். இப்போது முகம் தெரிகிறது. உள்ளதைச் சொன்னால், தூரிகைத் தடம் தகட்டில் தட்டையாகிவிடுகிறது. ஓவியத்துக்கு கான்வாஸ்தான் என்பது என் கருத்து.

மாட்டுவது பற்றிச் சுருக்கமாக. செய்தித்தாளை அதே அளவில் வெட்டி ஒட்டி இரண்டு நாள் பார்த்த பிறகே சுவரைத் துளைத்தேன். ஒவ்வொரு படத்தின் நடுப்புள்ளியும் தரையிலிருந்து 145 செ.மீ. ரசமட்டம் கட்டாயம் வேண்டும், தகட்டின் விளிம்பு கூர்மையானது என்பதால் சிறு சாய்வும் கண்ணில் குத்துகிறது. பின்பக்கச் சட்டம் சுவரிலிருந்து ஒன்றரை செ.மீ. தள்ளி நிறுத்துவதால் ஓரத்தில் மெல்லிய நிழல் விழுகிறது, அது அழகு. விளக்கு மேலிருந்து 30 டிகிரி சாய்வில். நேர் வெயில் சாயத்தை வெளுக்கச் செய்யும் என்பதால் ஜன்னலை ஒட்டி எதுவும் மாட்டவில்லை. தகட்டைப் பிரிக்கும்போது மூலையைத் தரையில் ஊன்றாதீர்கள்; ஹெர்ஷலின் கீழ் மூலை எனக்கு அப்படித்தான் வளைந்தது.

ஐந்தாவது இடத்துக்கு லிங்கன். 1865 பிப்ரவரியில் அலெக்சாண்டர் கார்ட்னர் எடுத்த, கண்ணாடி நெகட்டிவ் உடைந்து தலைக்கு மேலாக விரிசல் ஓடும் படம். விரிசல் அப்படியே இருக்கும். வெள்ளைப் பூச்சா, நிறமற்றதா என்று பார்க்க இரண்டு துண்டுகள் அச்சிடக் கொடுத்திருக்கிறேன். அதுவரை அந்த இடத்தில் செய்தித்தாள் ஒட்டியிருக்கிறது.