முதலில் நகல், அப்புறம்தான் பழுது

2012 மாசி மாதம். கோபிசெட்டிபாளையத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தேன். காலை எட்டரைக்கு, கல்யாண அழைப்பிதழ் அச்சடிக்கும் அண்ணன் ஒருவர் போன் செய்தார்.

“தம்பி, சிஸ்டம் ஆன் ஆகுதுங்க, ஆனா உள்ள போக மாட்டேங்குது. கறுப்பு ஸ்கிரீன்லயே நிக்குது. இருபது தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்துட்டேன்.”

“அண்ணா, இனி ஒரு தடவைகூட ஆன் பண்ணாதீங்க. பிளக்கை உருவிருங்க, நான் வந்துர்றேன்.”

அந்த நாட்களில் எங்கள் பக்கம் ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் போய்விடும். அவருடைய யு.பி.எஸ். பேட்டரி செத்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. கரண்ட் போகும்போதெல்லாம் ஹார்ட் டிஸ்க் எழுதிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டு நின்றிருக்கிறது. ஒரு வாரமாகவே காலையில் ஆன் செய்தால், டிஸ்க்கைச் சோதிக்க வேண்டும் என்று விண்டோஸ் கேட்டிருக்கிறது. வேலை அவசரத்தில் இவர் ஏதாவது ஒரு கீயை அழுத்தி அதைத் தாண்டிப் போயிருக்கிறார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. முகூர்த்த மாதம், கரண்ட் இருக்கிற நேரமே கொஞ்சம். அதில் யார் டிஸ்க் சோதனைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவார்கள்?

நான் போனதும் முதலில் கேபிளை மாற்றிப் பார்த்தேன். சில நேரம் கேபிள் தளர்ந்தாலே டிஸ்க் கெட்டதுபோல் தெரியும், அன்றைய விலையில் முப்பது ரூபாயில் வேலை முடிந்துவிடும். இங்கே அந்த அதிர்ஷ்டம் இல்லை. விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் திரையில் டிஸ்க்கின் பெயர் வந்தது. விண்டோஸ் லோகோ வருவதற்குள், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ‘சிஸ்டம்’ என்ற கோப்பு கெட்டுவிட்டது என்று செய்தி வந்து நின்றது. உடனே ஆஃப் செய்தேன்.

“விண்டோஸ் சிடி போட்டு ரிப்பேர் பண்ணீருங்க தம்பி, அஞ்சு பத்திரிகை நாளைக்கழிச்சு குடுக்கணும்” என்றார் அவர்.

அவர் கேட்டதைத்தான் இரண்டு வருடம் முன்பு ஒரு மஞ்சள் வியாபாரிக்குச் செய்து கொடுத்தேன். அதே மாதிரிக் கோளாறு. சிடி போட்டு, விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கை ஓடவிட்டு, இரவு முழுக்கக் காத்திருந்தேன். காலையில் விண்டோஸ் அழகாகத் திறந்தது. எனக்கும் பெருமையாக இருந்தது. ஆனால் கணக்குக் கோப்புகள் இருந்த ஃபோல்டர் காலி. அவற்றின் துண்டுகள் வேறொரு ஃபோல்டரில் வரிசை எண் போட்டுக் கிடந்தன. எந்தத் துண்டு எதோடு சேரும் என்று கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. மூன்று வருடக் கணக்கு அது. பில் புத்தகங்களை வைத்து அவர் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து மறுபடி ஏற்றினார்கள். செக்டிஸ்க் கோப்பு அமைப்பைச் சீர்படுத்தும் கருவி. வரிசை சரியாக வர வேண்டுமென்றால், பொருந்தாததைப் பிடுங்கி எறியவும் அது தயங்காது. நல்ல டிஸ்க்கில் அது தேவையான வேலை. சாகப்போகிற டிஸ்க்கில், நகல் எடுக்காமல் அதை ஓடவிட்டது என் தவறு.

அதனால் அண்ணனிடம் சொன்னேன்: “சிஸ்டம் ஆன் ஆகறது இருக்கட்டுங்கண்ணா. உங்க டிசைனை முதல்ல வெளிய எடுப்போம்.”

டிஸ்க்கைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்து, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் சிடியில் ஓடும் என் மிஷினில் மாட்டினேன். விண்டோஸில் மாட்டினால் அது தானாகவே எதையாவது எழுதிவிடும் என்ற பயம். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலைப் பார்த்தேன். நான் முதலில் தேடுவது 5, 197 என்ற இரண்டு வரிகளை. டிஸ்க் தகவலை எழுதிவைக்கும் சிறு கட்டங்கள்தான் செக்டர்கள். ஐந்தில், கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை இருக்கும். 197-இல், படிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் செக்டர்கள். அந்த டிஸ்க்கில் 197-க்கு நேரே இருநூறுக்கு மேல் இருந்தது. 500 ஜி.பி. டிஸ்க்கில் 512 பைட் செக்டர்கள் 97 கோடிக்கு மேல். அதில் இருநூறு போனால் யாருக்கு என்ன என்று தோன்றும். ஆனால் அவற்றில் ஒன்றிரண்டு, விண்டோஸ் கிளம்புவதற்கே வேண்டிய ரெஜிஸ்ட்ரி கோப்பில் விழுந்திருந்தன, அவ்வளவுதான்.

காத்திருக்கும் செக்டர் என்றாலே டிஸ்க்கின் உள்ளே சுழலும் தட்டு தேய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கரண்ட் போன நொடியில் பாதி எழுதப்பட்டு நின்றதாகவும் இருக்கலாம். எதுவானாலும், பெரும்பாலும் அதன் மேல் புதிதாக எதையாவது எழுதும்போதுதான் அந்த இடம் நல்லதா கெட்டதா என்று டிஸ்க் முடிவு செய்யும். எழுதிய பிறகு பழையது திரும்பாது. ஃபார்மட், ரிப்பேர் எதையும் அந்த டிஸ்க்கில் தொடக்கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

நகலுக்கு இன்னொரு டிஸ்க் வேண்டுமே. 2011 கடைசியில் தாய்லாந்து வெள்ளத்தில் ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கியதில் விலை ஏறிப்போய், இன்னும் இறங்காத நேரம். வேறொருவருக்காக வாங்கி வைத்திருந்த ஒரு டி.பி. டிஸ்க்கைப் பிரித்துவிட்டேன்.

டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள்தான் அன்று எனக்குக் கை கொடுத்தது. அடம்பிடிக்கும் இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல், சுலபமாக வருவதை முதலில் அள்ளிக்கொண்டு போகும். விட்ட இடங்களுக்கு அப்புறம் திரும்பி வந்து பொறுமையாகச் சுரண்டும். எது வந்தது, எது வரவில்லை என்று ஒரு சிறிய கோப்பில் குறித்துக்கொண்டே இருக்கும். இரண்டு நாளில் ஏழெட்டு முறை கரண்ட் போனது. இன்வெர்ட்டர் தாங்காது என்று தெரிந்ததும் நானே நிறுத்திவிடுவேன். கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து அது தொடர்ந்தது. அந்தக் கோப்பு இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து அந்த டிஸ்க்கைச் சுழலவைத்து, கடைசியில் அதைக் கொன்றிருப்பேன். முதல் மூன்று மணி நேரத்தில் பெரும்பகுதி வந்துவிட்டது. மீதி இரண்டு நாளும் போனது கடைசிச் சில எம்.பி.க்காக. முடிவில் வராமல் போனது நூறு கே.பி.க்கும் குறைவு.

நகலைப் படிக்க மட்டும் என்று திறந்தேன். டி டிரைவில், அண்ணன் பத்திரிகை டிசைன் செய்யும் பேஜ்மேக்கர் மென்பொருளின் கோப்புகள் அத்தனையும் இருந்தன. அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். ஒன்றைத் திறந்தால், மணமக்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகள். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துரு அது. எழுத்துரு இல்லாவிட்டால் கோப்பு இருந்தும் தமிழ் இருக்காது. சி டிரைவில் விண்டோஸின் எழுத்துரு ஃபோல்டரைத் திறந்து அவர் வருடக்கணக்கில் சேர்த்தவற்றை எல்லாம் எடுத்தேன். நான்கு பத்திரிகை சரியாக வந்தது. ஐந்தாவதில் தலைப்புக்குப் போட்ட எழுத்துரு மட்டும் ஏறவில்லை. வராத செக்டர்களில் ஒன்று அதற்குள் இருந்தது.

“அது சத்தியமங்கலத்துல ஒரு பிரஸ்ல இருக்குங்க. அவங்கிட்ட இருந்துதான் நான் வாங்குனதே” என்று பென் டிரைவை எடுத்துக்கொண்டு வண்டியில் கிளம்பிவிட்டார். ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பி வந்தார்.

ஐந்தையும் டிரேசிங் பேப்பரில் பிரிண்ட் எடுத்துக் கடை பெஞ்சில் பரப்பினோம். மணமக்களின் தாத்தா பாட்டி பெயரில் தொடங்கி, இன்ஷியல், தேதி, முகூர்த்த நேரம், மண்டபம் என்று ஒவ்வொன்றையும் அவர் வாய்விட்டுப் படிக்க, நான் கைப்பிரதியோடு ஒத்துப் பார்த்தேன். ஓர் எழுத்துகூடப் போகவில்லை. டிரேசிங் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு பிரஸ்ஸுக்குப் போனவர், கரண்ட் வர பதினொரு மணி வரை காத்திருந்து மிஷினைப் போட்டார்.